பித்தப்பை நீங்கிய பின் உள்ளே நிற்கும் கவ்விகள்



'விட்டுவிட்டார்கள்' என்னும் சொல்லைத் தமிழில் நாம் இரு பொருளிற் கையாளுகின்றோம். கடைக்குச் சென்றவர் குடையை அங்கேயே விட்டுவிட்டார் என்றால் அது மறதி. வயலுக்கு நீர் பாய்ச்சியவர் மடையை அடைத்த கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்றால் அது மறதியன்று. கல் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவே விடப்பட்டது. சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் வயிற்றில் உலோகத் துண்டுகள் இருக்கின்றன என்ற செய்தி காதில் விழுந்ததும் நம்மவர் மனம் குடையைத்தான் நினைக்கின்றது, மடைக்கல்லை நினைப்பதில்லை. பித்தப்பையை அகற்றிய பின் உள்ளே நிற்கும் சிறு கவ்விகளைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டமைக்கு இக்குழப்பமே காரணம்.

நான் வைத்தியனல்லேன், கலைப்பட்டதாரி, பாடசாலை அதிபர். ஆயினும் கிராமத்து அதிபருக்குப் பாடசாலைக்கு வெளியேயும் ஓர் உத்தியோகம் உண்டு. ஆங்கிலத்தில் வந்த எந்தக் கடதாசியும் முதலில் அவரிடமே வந்து சேரும். வங்கிக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, வைத்தியசாலை அட்டை ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். எங்கள் வஹகோட்டை மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைக்கு அண்மையில் உள்ளது. கண்டி மன்னர் காலத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் குடியேறிய ஊர் அது. அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்துக்குச் சிங்களவரும் தமிழரும் யாத்திரையாக வருவர். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்பது அவர்தம் நம்பிக்கை. இதனை இங்கே கூறுவதற்கும் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பித்தப்பைக் கல்லுக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு தாயார் முதுகுவலிக்காக எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தார். படத்தில் முள்ளந்தண்டின் வலப்புறமாக, விலாவெலும்புகளின் கீழ், நான்கு சிறு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. படம் எடுத்த இளைஞர், "உள்ளே ஏதோ உலோகம் கிடக்கின்றது" என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டார். அன்று மாலையே அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து, "ஐயா, கத்தரிக்கோல் முனைய உள்ளுக்கே விட்டுட்டாங்களாம், அந்தோனியாருக்கு நேர்த்தி வச்சிருக்கன்" என்று அழுதார். தொலைந்த பொருள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதே அந்த நேர்த்தி. அழுகையோடு நின்றிருந்தால் பெரிதன்று. முதுகுக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தபோது, அந்தக் காந்தம் உலோகத்தை வயிற்றைக் கிழித்துக்கொண்டு இழுத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் மறுத்துவிட்டார். நான்கு மாதங்கள் கழிந்தன. அதற்குள் ஒரு காலில் உணர்ச்சி குன்றத் தொடங்கிற்று. அறியாமையால் வரும் இழப்பு எத்தகையது என்பதை நான் கண்ணாரக் கண்டது அப்போதுதான்.

இனி விடயத்துக்கு வருவோம். பித்தப்பை என்பது ஈரலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேரிக்காய் வடிவான ஒரு சிறு பை. அதன் நீளம் 7 முதல் 10 சென்ரிமீற்றர் வரை. ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரையிற் பித்தநீரைச் சுரக்கின்றது. அந்நீரிலே ஒரு பகுதியை இப்பை வாங்கிச் செறிவாக்கி வைத்துக்கொண்டு, நாம் கொழுப்புள்ள உணவை உண்ணும்போது சுருங்கிக் குடலுக்குள் அனுப்புகின்றது. பித்தநீரிற் கரைந்திருக்க வேண்டிய கொலஸ்திரோல் அளவுக்கு மீறினால், அல்லது செங்குருதிக் கலங்கள் அழிவதால் உண்டாகும் நிறப்பொருள் மிகுந்தால், அவை படிந்து கல்லாகின்றன. பின்னது தலசீமியா போன்ற குருதி நோயுள்ளவரிடம் இளவயதிலேயே காணப்படும். கல் இருப்போர் எல்லோருக்கும் வலி வருவதில்லை. வலியும் அழற்சியும் வந்தோருக்கே பெரும்பாலும் பையை அகற்றும்படி வைத்தியர் கூறுவர். பை போன பின்பும் ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். அது தேங்காமல் நேரே குடலுக்குச் சொட்டும், அவ்வளவே.

பையை அகற்றுவதென்றால் இரண்டு குழாய்களை வெட்டியாக வேண்டும். ஒன்று, பையைப் பொதுப் பித்தக்கானோடு இணைக்கும் சிறு கான். மற்றது, பைக்குக் குருதி கொண்டுவரும் சிறு நாடி. முன்னையதை அடையாமல் வெட்டினால் பித்தநீர் வயிற்றினுட் கசியும். பின்னையதை அடையாமல் வெட்டினால் குருதி பெருகும். ஆகவே வெட்டுமுன் அடைத்தல் வேண்டும். இந்தச் சத்திரசிகிச்சையின் வரலாறு முழுவதையும் ஒரு வகையில் இந்த இரண்டு வாய்களை எதனால் அடைப்பது என்ற கேள்வியின் வரலாறு என்றே கூறலாம்.

ஜேர்மனியின் பெர்லின் நகரில் கார்ல் லாங்கென்புக் என்பவர் 1882ஆம் ஆண்டு யூலை மாதம் 15ஆந் திகதி முதன்முதலாக ஒருவரின் பித்தப்பையை முழுமையாக அகற்றினார். அதற்குமுன் பையைத் திறந்து கல்லை எடுப்பாரேயன்றிப் பையையே எடுப்பாரில்லை. கல்லை எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் மீண்டும் கல் விளையும் என்பது அவர் கண்ட உண்மை. அவர் காலத்திலும் அவருக்குப் பின் நூறாண்டு வரையிலும் அந்த வாய்களைக் கட்டியது நூல்தான்: பட்டு நூலும், ஆட்டுக் குடலிலிருந்து திரித்த நூலும். குடல்நூலை உடல் சில வாரங்களிற் கரைத்துவிடும். பட்டு நூல் பல ஆண்டுகள் உள்ளேயே கிடக்கும். நம் பாட்டன் பாட்டியர் வயிற்றிலே கிடந்த பட்டு நூலைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை. அதற்குக் காரணம் எளிது. நூல் எக்ஸ் கதிர்ப்படத்திற் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை நம்பும் நாம் கண்ணுக்குத் தெரிந்ததைக் கண்டு அஞ்சுகின்றோம்.

உலோகக் கவ்வியும் புதியதன்று. அமெரிக்காவில் மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடியான ஹார்வி குஷிங் என்பவர் 1911ஆம் ஆண்டிலேயே, நூலாற் கட்டக் கை எட்டாத சிறு குருதிக்குழாய்களை நெருக்கி மூடுவதற்கு வெள்ளிக் கம்பியாலான கவ்விகளைப் பயன்படுத்தினார். ஆனால் பித்தப்பைச் சிகிச்சையில் கவ்வி ஆட்சிபெற்றது வயிற்றைப் பிளக்காமற் செய்யும் முறை வந்த பின்னரே. 1985ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆந் திகதி, ஜேர்மனியின் பொப்லிங்கன் நகரில் எரிக் மூஹே என்பவர் சிறு துளைகளினூடாகக் குழாயைச் செலுத்திப் பித்தப்பையை அகற்றினார். அவருடைய நாட்டுச் சத்திர வைத்தியர்கள் அடுத்த ஆண்டு மாநாட்டில் அதனை ஏளனமாகவே நோக்கினர். 1992இல் அதே சங்கத்தார் அவருக்குப் பரிசளித்தனர். 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே இச்சிகிச்சையை நிகழ்பட ஒளிப்படக்கருவியின் துணையோடு செய்தார். 1990இல் மும்பாயின் ஜே.ஜே. வைத்தியசாலையில் தெஹெம்டன் உட்வாடியா இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பழனிவேலு 1990களில் இதனைப் பரப்பினார். இன்று இலங்கையின் பெரிய வைத்தியசாலைகளில் இது நாளாந்த அலுவல்.

துளை முறையில் கவ்வி ஏன் வேண்டப்பட்டது? வைத்தியரின் கை வயிற்றுக்கு வெளியே நிற்கின்றது. கருவியின் முனை உள்ளே ஒரு சாண் தூரத்தில் வேலை செய்கின்றது. அவர் பார்ப்பது திரையைத்தான். அந்நிலையில் நூலைச் சுற்றி முடிச்சிடுதல் இயலாததன்று, ஆயினும் மெல்ல நடக்கும் வேலை. V வடிவான சிறு கவ்வியைக் கருவியின் வாயில் ஏந்திச் சென்று கானின் குறுக்கே வைத்து அழுத்தினால் நொடியில் வேலை முடிந்துவிடும். கவ்வியின் நுனிகள் இரண்டும் முதலிற் சேருமாறு அது அமைக்கப்பட்டிருக்கின்றது. இன்றேல் கான் நழுவி வெளியே ஓடிவிடும். வழக்கமாக, உடலில் நிற்கப்போகும் பக்கத்தில் இரண்டு கவ்விகளும், பையோடு வெளியே வரப்போகும் பக்கத்தில் ஒன்றும் இடப்படும்; நடுவே வெட்டு. நாடிக்கும் இவ்வாறே. ஆகவே கணக்குச் சரியாக நான்காகின்றது. எக்ஸ் கதிர்ப்படத்தில் அந்தத் தாயார் கண்ட நான்கு கோடுகள் இவையே. சிலருக்கு ஐந்தும் ஆறும் இருக்கலாம். மூடிய கவ்வி ஒன்றின் நீளம் ஏறத்தாழ ஒரு நெல்மணியளவு.

இக்கவ்விகள் பெரும்பாலும் தைத்தேனியம் என்னும் உலோகத்தால் ஆனவை. இந்தப் பெயர் நேயர்களுக்குப் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதன்று. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கருமணல் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அந்த மணலில் உள்ள இல்மனைற்று, உரூத்தைல் என்னும் கனிமங்களில் அடங்கியிருப்பது தைத்தேனியமே. அம்மணலை அகழ்ந்து விற்பதற்கென்று 1957இல் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தையே நிறுவியது. மணலை நாம் கப்பலேற்றி அனுப்புகின்றோம், உலோகமாக்குவோர் பிறர். உலகிற் கிடைக்கும் இத்தகைய மணலிற் பெரும்பகுதி வெள்ளைப் பூச்சு வர்ணத்துக்கே செல்கின்றது. ஒரு சிறு பங்கே உலோகமாகி ஆகாயவிமானத்துக்கும், செயற்கை மூட்டுக்கும், கவ்விக்கும் செல்கின்றது.

தைத்தேனியத்துக்கு இந்தப் பெருமை வந்ததற்குக் காரணம் அதன் மேற்பரப்பு. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று தானே உண்டாகின்றது. அப்படலம் உடலின் உப்புநீரில் அரிக்கப்படுவதில்லை. இரும்பு துருப்பிடிப்பதுபோல் அது துருப்பிடிக்கும் என்று அஞ்சுவது வீண். 1952இல் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரானெமார்க், முயலின் எலும்பினுள் ஆய்வுக்காக வைத்த தைத்தேனியக் கருவியைப் பின்னர் கழற்ற முற்பட்டபோது, எலும்பு அதனைத் தன்னுடையதெனப் பற்றிக்கொண்டிருக்கக் கண்டார். இன்று பல்வைத்தியர் தாடையிற் பதிக்கும் செயற்கைப் பல்வேர் அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தது. வயிற்றினுள் இருக்கும் கவ்வியையும் உடல் பகையாகக் கருதி எதிர்ப்பதில்லை; அதனைச் சுற்றி மெல்லிய நார்த்திசுவால் உறையிட்டு ஒதுக்கி வைக்கின்றது. சில வாரங்களில் வெட்டப்பட்ட கானின் வாய் தானே வடுவாகி மூடிக்கொள்ளும். அதன்பின் கவ்விக்கு வேலையில்லை. ஆயினும் அதனை எடுப்பதற்காக இன்னொரு சத்திரசிகிச்சை செய்வது, வேலை முடிந்த மடைக்கல்லை எடுக்க வரம்பையே உடைப்பதாகும். ஆதலின் அது அங்கேயே இருக்கும்.

காந்தத்தைப் பற்றிய அச்சத்துக்கு வருகின்றேன். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு வலியது என்பது உண்மை. இரும்புப் பொருள் அதன் அருகே பறந்து செல்லும் என்பதும் உண்மை. பழைய வகை உலோகக் கவ்வியொன்றை மூளையின் குருதிக்குழாயில் உடைய ஒருவர் 1992இல் அத்தகைய இயந்திரத்தில் உயிரிழந்தமையும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. அந்தக் கவ்வி காந்தத்தாற் கவரப்படும் உலோகத்தால் ஆனது. தைத்தேனியம் அவ்வாறு கவரப்படுவதில்லை. படத்திலே கவ்வி இருக்கும் இடத்தருகே சிறிது மங்கலாகத் தெரியும், அவ்வளவே. எனினும் படம் எடுக்குமுன், இன்ன ஆண்டில் இன்ன சத்திரசிகிச்சை நடந்தது, கவ்வி உண்டு என்று ஊழியரிடம் கூறுதல் கட்டாயம். எது தைத்தேனியம், எது அன்று என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். நாமும் அல்லோம், பக்கத்து வீட்டாரும் அல்லர். மேலே கூறிய தாயாருக்கும் இறுதியில் அந்தப் படம் எடுக்கப்பட்டது. முள்ளந்தண்டின் இடைத்தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. கவ்விகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அப்படியானால் கவ்வியால் ஒருபோதும் தீங்கு இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும், உண்மையாக இராது. சத்திரசிகிச்சை நடந்த முதற்சில நாட்களில் கவ்வி நழுவினால் பித்தநீர் கசியும். வயிற்றுவலியும் காய்ச்சலும் காணும். இது உடனே கவனிக்க வேண்டியது. இன்னொன்று பல மாதங்களோ பல ஆண்டுகளோ கழித்து நிகழ்வது. கவ்வி மெல்ல மெல்லக் கானின் வடுவை ஊடுருவிப் பொதுப் பித்தக்கானுக்குள் இறங்கிவிடுகின்றது. அங்கே அதனைக் கருவாகக் கொண்டு பித்தநீரின் படிவுகள் திரண்டு புதுக் கல் ஒன்று வளர்கின்றது. அத்தகைய கல்லை வெட்டிப் பார்த்தால் நடுவே கவ்வி கீற்றாகத் தெரிவதனாற் சில வைத்தியர் அதற்குப் பூனைக்கண் கல் என்று பெயரிட்டிருக்கின்றனர். இரத்தினம் விளையும் நாட்டார் நாம். பூனைக்கண் என்றால் வைடூரியத்தை நினைப்போம். இந்த வைடூரியத்தை யாரும் விரும்பார்.

இது எவ்வளவு அரிது என்பதற்கு ஓர் அளவுண்டு. புரூணை நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர், உலகெங்கும் மருத்துவ ஏடுகளில் வெளியான இத்தகைய நிகழ்ச்சிகளைத் திரட்டி 2010இல் வெளியிட்ட ஆய்வில் 69 பேருடைய வரலாறே கிடைத்தது. பித்தப்பை அகற்றப்படுவோர் உலகில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். ஏட்டில் ஏறாதவை பல இருக்கலாம், இருப்பினும் அரிதே. அந்த 69 பேரிலும் தொல்லை தோன்றிய காலம் சிலருக்கு 11 நாட்கள், சிலருக்கு 20 ஆண்டுகள். நடுத்தரமாக 26 மாதங்கள். பெரும்பாலோருக்கு மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வாய்வழியாக வளைகுழாயைக் குடல்வரை செலுத்திப் பித்தக்கானின் வாயைச் சிறிது அகட்டி, கல்லையும் கவ்வியையும் சேர்த்து இழுத்தெடுக்கும் முறையே போதுமானதாயிற்று. ஈ.ஆர்.சி.பி. என்று வைத்தியர் வழங்குவது அதுதான்.

நூலை மெச்சிக் கவ்வியைப் பழிப்போருக்கு இன்னொரு செய்தி. 1897ஆம் ஆண்டிலேயே ஹோமன்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர், பித்தப்பையிற் செய்த சத்திரசிகிச்சைக்கு இருபது மாதங்களின் பின், பட்டுத் தையலைச் சுற்றிக் கற்கள் விளைந்திருந்தமையை எழுதி வைத்திருக்கின்றார். பித்தநீருக்குள் எது சென்று சேர்ந்தாலும் அதன்மேற் படிவு ஏறும் என்பதே இயல்பு. உலோகம் மட்டும் குற்றவாளியன்று.

ஆகவே கவ்வி உடையவர் கவனிக்க வேண்டிய குறிகள் சில. நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல். கண்ணும் தோலும் மஞ்சளாதல். வலப்பக்க மேல்வயிற்றில் வலி. இம்மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இரவென்றும் மழையென்றும் பாராதிருத்தல் நன்று. சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலும் அவ்வாறே. மற்றபடி பை எடுத்த பின் சிலருக்கு வரும் வயிற்றுப் பொருமலுக்கும், எண்ணெய்ப் பண்டம் உண்டபின் காணும் வயிற்றுப்போக்குக்கும் கவ்வியைக் குறைகூறுவது தவறு. கவ்வியைக் கரைப்பதற்கென்று கஷாயம் விற்போரும் உளர். கடல்நீரிலே கரையாத உலோகம் கஷாயத்திற் கரையாது.

மறந்து விடப்பட்ட பொருள் என்பது முற்றிலும் வேறு. பஞ்சுத்துணியோ கருவியோ தவறுதலாக உள்ளே தங்கிவிடும் நிகழ்ச்சிகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன, அவை குற்றமே. அதனாலேயே சத்திரசிகிச்சைக் கூடத்திற் தொடக்கத்திலும் முடிவிலும் துணிகளையும் கருவிகளையும் தாதியர் எண்ணுகின்றனர். துணியினுள் எக்ஸ் கதிரிற் தெரியும் இழை ஒன்றும் வைத்து நெய்யப்படுகின்றது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இடம்பெற்றுள்ளது. கவ்வி இந்த எண்ணிக்கையில் 'காணாமற் போனது' அன்று. 'இட்டது' என்று எழுதப்படுவது.

எழுதப்படுவது என்றேன். எங்கே எழுதப்படுகின்றது, எந்த மொழியில் எழுதப்படுகின்றது என்பதிலேதான் எனக்கு மனக்குறை. வைத்தியசாலையை விட்டு வரும்போது தரப்படும் நோயறிதல் அட்டையில் அந்தத் தாயாருக்கு ஒரு வரி ஆங்கிலம் இருந்தது. கவ்வி என்ற சொல்லே இல்லை. அவருக்கு முன்கூட்டிச் சொன்னார்களா என்று கேட்டேன். சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள், தலையாட்டினேன் என்றார். தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறிற்று. ஒப்பமிடும் படிவத்தை நோயாளி தன் மொழியில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு அரசியலமைப்புக்கூட வேண்டியதில்லை. பொது அறிவே போதும். "உங்கள் உடம்பில் நான்கு தைத்தேனியக் கவ்விகள் உள்ளன; அவை அங்கே இருக்க வேண்டியவை" என்று தமிழில் ஒரு வரி எழுத எத்தனை நிமிடம் ஆகும்? அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான்கு மாதமும் ஒரு காலின் உணர்ச்சியும் மிஞ்சியிருக்கும். வைத்தியரின் வேலைப்பளுவை நான் அறிவேன். ஒரு விடுதியில் எத்தனை பேர் படுத்திருக்கின்றனர் என்பதையும் கண்டிருக்கின்றேன். ஆயினும் அச்சிட்ட துண்டொன்று வைத்தியரின் நேரத்தைத் தின்னாது. அதுவரையில், கேட்பது நம் பொறுப்பு: எத்தனை கவ்வி, எந்தப் பொருள், எந்தத் திகதி என்று கேட்டு அட்டையிற் குறிக்கச் சொல்லலாம். அவ்வாறு கேட்பதை எந்த வைத்தியரும் அவமதிப்பாகக் கொள்ளார்.

பொருளைக் கேட்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது தைத்தேனியத்தோடு வேறு இரு வகைக் கவ்விகளும் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, கொழுவிப் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்ரிக் கவ்வி. அது நிலையாக உள்ளேயே இருக்கும். மற்றது, சில மாதங்களில் உடலாற் கரைக்கப்பட்டு மறைந்துபோவது. அதன் விலை கூடுதல். இவ்விரண்டும் எக்ஸ் கதிர்ப்படத்தில் தோன்றுவதில்லை. பின்னொரு நாள் வேறொரு நோய்க்காக எடுக்கும் படத்தைப் பார்த்து உள்ளே கவ்வி இருக்கின்றதா என்று அறிய முயலும் வைத்தியருக்குப் படம் விடை தராது. அட்டையில் எழுதியிருக்கும் வரியே விடை தரும்.